மலை வீட்டுக்குப் புதுப் படம் எந்த வழியாக வரும்?

கேட்ட தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறார். அப்பா, அம்மா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்கள். போனில் சிக்னல் ஒரு கோடு, மழை பிடித்தால் அதுவும் இல்லை. வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று உண்டு. புதுப் படங்களும் தொடர்களும் இப்போது டிஸ்க்காக வருகின்றனவா, எது எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது, லண்டனில் இருக்கும் அக்கா ப்ளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த, இன்னும் தெளிவான டிஸ்க்) வாங்கி அனுப்பினால் இங்கே ஓடுமா, பரணில் பூத்துப்போய்க் கிடக்கும் கேசட் பெட்டியை என்ன செய்வது. இவ்வளவும் அவர் கேட்டது.

குன்னூரில் இருபது வருஷத்துக்கு மேல் வீடியோ கடை வைத்திருந்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன். கேசட்டில் ஆரம்பித்து விசிடி, டிவிடி என்று போய், கடைசியில் செல்போன் ரீசார்ஜ் கூப்பனோடு ஷட்டரை இறக்கினேன்.

முதலில் நேரான பதில். புதுத் தமிழ்ப் படம் முறையான டிஸ்க்காக வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அப்பாவிடம் "இந்தத் தீபாவளிப் படம் டிவிடி வந்ததும் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால், அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் இன்னும் உயிரோடு இருப்பது அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற இடங்களில்தான். அங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பியே தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், அந்தச் சிவப்பு உறையை 2023 செப்டம்பர் 29-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

நம் ஊரில் ஏன் நின்றது என்று கேட்டால் எல்லோரும் இன்டர்நெட்டைக் கைகாட்டுவார்கள். என் கணக்கில் நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு டிஸ்க் என்பது வாங்கி அடுக்கும் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை, வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தரும் பொருளாகவே இருந்தது. எண்பதுகளின் கடைசியில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து போனஸ் நாளன்று நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். கலர் டிவி, கேசட் ஓட்டும் டெக், மூன்று கேசட், ஒரு ராத்திரி வாடகை. ஜீப்பின் பின்சீட்டில் டிவியைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். விடிய விடிய ஓடும். காலையில் திருப்பித் தரும்போது கேசட்டை மறுபடி சுற்றியிருக்க மாட்டார்கள், அது வேறு கதை.

2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. வாடகையைவிடச் சற்றுத்தான் அதிகம். என் போன்ற கடைக்கு அது பெரிய அடி, ஆனால் நியாயமான அடி. அப்படி விலை குறைத்த பிறகும் தெருவோர நகல் அதைவிட மலிவாகக் கிடைத்தது. 2015-இல் இயக்குநர் சேரன் தன் படம் ஒன்றை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். எண்ணம் நல்லது, காலம்தான் தப்பிவிட்டது. அடுத்த வருஷமே போனில் டேட்டா தண்ணீராய் ஓட ஆரம்பித்தது. நானும் சுத்தமான ஆள் என்று சொல்லமாட்டேன். தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த பிரின்ட், குறுக்கே தலை போகும் பிரின்ட், எல்லாம் என் அலமாரியிலும் இருந்திருக்கிறது. 2004-இல் தமிழக அரசு திருட்டு வீடியோவைக் குண்டர் சட்டத்தில் சேர்த்த பிறகுதான் பயந்து ஒதுக்கினேன்.

சரி, இப்போது படம் வீட்டுக்கு வரும் வரிசை. தியேட்டர், அப்புறம் ஓடிடி, அப்புறம் டிவி. தமிழில் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவே பெரும்பாலும் நாலு வாரம். இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். அதனால்தான் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வரும் தமிழ்ப் படங்களின் இந்தி டப்பிங்கை வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்கள் போட மறுக்கின்றன. 'மாஸ்டர்' 2021 ஜனவரி 13-இல் தியேட்டருக்கு வந்து 29-இல் அமேசான் பிரைமில் வந்துவிட்டது. பதினாறே நாள். அது கொரோனா காலத்துக் கணக்கு, அதையே வழக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடாத படம் சீக்கிரம் வரும், ஓடுகிற படத்தை இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான் சூத்திரம்.

தேதியைத் துரத்துவதைவிடப் படம் எங்கே வரும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. படம் தொடங்கும்போது வரிசையாக நன்றி கார்டு ஓடுமே, எல்லோரும் பாப்கார்னில் இருக்கும் நேரம், அதைக் கவனியுங்கள். ஓடிடி பார்ட்னர், சாட்டிலைட் பார்ட்னர் (டிவி உரிமை வாங்கிய சேனல்) என்று பெயர் போட்டிருப்பார்கள். பல படங்களின் போஸ்டரில் அடியிலும் அந்தச் சின்னங்கள் இருக்கும். தேதி மட்டும் கடைசி நேரத்தில்தான் தெரியும். சில சமயம் வியாழக்கிழமை ராத்திரி அறிவித்து வெள்ளிக்கிழமை விடுவார்கள். பார்ட்னர் பெயர் எதுவுமே இல்லையென்றால் உரிமை இன்னும் விற்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படிப்பட்ட சின்னப் படங்கள் மாதக்கணக்கில் எங்கேயும் வராமல் கிடப்பதுண்டு.

சந்தா கட்டாமல் ஒரு படத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கும் வசதியும் இருக்கிறது. யூடியூபில் எடுத்தால் பார்க்கத் தொடங்க 30 நாள், தொடங்கிய பின் முடிக்க 48 மணி நேரம். என் கடை விதியைவிடத் தாராளம்தான். அதே இடத்தில் 'வாங்கு' என்றும் ஒரு பொத்தான் இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். வாங்குவது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை. கடைக்காரர் உரிமையை இழந்தால் உங்கள் படமும் போகலாம். இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுப் பிரச்சினை. ஹெச்டி தரத்தில் ஒரு படம் தடங்கலில்லாமல் ஓட விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் அந்த வேகத்தில் ஐந்தரை ஜிபிக்கு மேல் தின்னும். ஒற்றைக் கோடு சிக்னலில் இது நடக்காது. அப்பா கடைசிச் சண்டைக் காட்சியில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஸ்டேட் பக்கம் ஃபைபர் வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்து பங்களா வரைக்கும் வந்து நின்றிருக்கும், அங்கிருந்து கம்பம் கம்பமாக இழுக்க ஆள்தான் தேவைப்படும். யானையும் மரமும் அந்தக் கம்பியை வருஷத்துக்கு எத்தனை முறை அறுக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் இல்லையென்றால் டவுன்லோடுதான் வழி. பெங்களூரில் வீட்டு வைஃபையில் ஒரு டேப்லெட்டில் படங்களை இறக்கிவைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அந்தக் காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் கேசட் பை வரும். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றி மத்தியானம் வரும். அதுவரை கடை வாசலில் கூட்டம் நிற்கும். அதே வேலையை இப்போது நீங்கள் செய்யப் போகிறீர்கள். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, இறக்கிய படத்துக்குக் கெடு உண்டு. சில படங்கள் ஏழு நாளில் காலாவதியாகும். சில படங்கள் போட்டுப் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். புதுப்பிக்க மறுபடி இன்டர்நெட் வேண்டும். ஆகவே ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி இறக்குங்கள், போன வாரமே அல்ல. இரண்டாவது, டேப்லெட்டில் இறக்கியதைப் பெரிய டிவிக்கு அனுப்ப எல்லாச் செயலியும் விடாது. பெங்களூரிலேயே இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் அப்பா, அம்மா இருவரும் பத்து இஞ்ச் திரையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

டிஷ்ஷை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். போன் டவரை மலை மறைக்கும். சாட்டிலைட்டை அவ்வளவு எளிதில் மறைக்காது. நம் டிடிஹெச் சாட்டிலைட்டுகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன. நீலகிரியோ பதினொன்றரை டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் இங்கே டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்துதான் மல்லாந்திருக்கும். வட இந்திய ஊர்களில் போல அவ்வளவு சாய்ந்திருக்காது. மறைப்பது மலையல்ல, வீட்டோரத்துச் சில்வர் ஓக் மரம்தான். மூடுபனியால் படம் போகாது. பலத்த மழையில்தான் போகும். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம்கூட இல்லை, ஆனால் பெரிய தமிழ்ச் சேனல்களின் புதுப் படங்கள் வேண்டுமென்றால் கட்டண டிஷ்தான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி, இந்த மூன்றிலும் "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" படங்கள் கட்டாயம் உண்டு. ரெக்கார்டிங் வசதியுள்ள பெட்டி வாங்கிவிட்டால் விளம்பரத்தை ஓட்டிவிட்டும் பார்க்கலாம். உங்கள் அப்பா வயதுக்காரருக்கு இதுதான் சரிப்படும் என்பது என் அபிப்பிராயம். ரிமோட்டில் ஒரு நம்பர், அவ்வளவுதான். பாஸ்வேர்டு கேட்காது, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா" என்றும் கேட்காது.

இப்போது லண்டன் அக்கா. ஆங்கிலப் படங்களுக்கு மட்டும் இது நல்ல வழி. அமெரிக்காவில் புது டிஸ்க் செவ்வாய்க்கிழமை வரும், பிரிட்டனில் திங்கள்கிழமை. உதாரணத்துக்கு 'ஓப்பன்ஹைமர்' 2023 ஜூலை 21-இல் தியேட்டருக்கு வந்தது, சரியாக நாலு மாதம் கழித்து நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவில் டிஸ்க்காக வந்தது. அதன் 4கே டிஸ்க் (ப்ளூரேயைவிடவும் தெளிவான ரகம்) வந்த வாரமே பல கடைகளில் தீர்ந்துபோனது. டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அப்பாவின் டிவிடி பிளேயரில் ப்ளூரே ஓடாது. வட்டம் ஒரே அளவில் இருப்பதால் உள்ளே போகும், அவ்வளவுதான். டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர், ப்ளூரேயைப் படிப்பது நீலமும் ஊதாவும் கலந்த லேசர். ப்ளூரே பிளேயரில் டிவிடி ஓடும், தலைகீழாக நடக்காது. அப்புறம் மண்டலப் பூட்டு, அதாவது ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி போட்ட தடை. டிவிடியில் இந்தியா 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. ப்ளூரேயில் இந்தியா சி, பிரிட்டன் பி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ. பெட்டியின் பின்பக்கம் ஒரு குட்டிச் சின்னத்துக்குள் இந்த எண்ணோ எழுத்தோ இருக்கும். எல்லா மண்டலத்துக்கும் பொதுவான டிஸ்க்குகளும் நிறைய உண்டு, அக்காவைக் கடையில் நின்றபடியே பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, எங்கே வாங்கினாலும் எந்த 4கே பிளேயரிலும் ஓடும். பிளேயரையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் பிரிட்டன் பெட்டி நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். அமெரிக்கப் பெட்டியின் முதுகில் 110 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய விநாடியே புகைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புகைந்திருக்கிறது. வாசனை மூன்று நாள் போகவில்லை.

தொடர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழ் சீரியல் டிஸ்க்காக வந்து நான் பார்த்ததில்லை, ஆயிரம் எபிசோடை எத்தனை டிஸ்க்கில் போடுவது? ஆங்கிலத் தொடர்கள் சீசன் சீசனாகப் பெட்டியில் வரும். ஓடிடிக்காக எடுத்த தொடர்கள் டிஸ்க்கில் வருவது அபூர்வம். டிஸ்னி 2023 கடைசியில் அப்படிச் சிலதை வெளியிட்டது. தமிழ் சப்டைட்டிலை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

ஊட்டி, குன்னூர் சந்தைகளில் "புதுப் படம் ப்ளூரே" என்று நூறு ரூபாய்க்கு யாராவது நீட்டினால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க்கின் அடி வெள்ளி நிறத்தில் இருக்கும். வீட்டில் பதிந்தது பெரும்பாலும் கத்தரிப்பூ நிறம் அடிக்கும். முறையான அட்டையில் தணிக்கைச் சான்றிதழின் நகலும், வெளியிட்டவர் பெயர், விலாசமும் இருக்க வேண்டும், அது சட்டம். 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி திருட்டுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதம்.

கடைசியாகப் பரண். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியிலேயே அவசரமானது இதுதான். புதுப் படம் இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரும். அந்தப் பெட்டியில் அப்பா அம்மா கல்யாணக் கேசட்டோ, நீலகிரிப் படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா சமயத்தில் வாங்கிய படுகப் பாட்டு விசிடியோ இருந்தால், அதை எந்த ஓடிடியும் கொண்டுவரப் போவதில்லை.

கேசட்டின் மேல் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக, மாவு தூவினாற்போல, வட்ட வட்டமாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தயவுசெய்து டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். என் கடையில் ஒரு ஐப்பசி மாதம் இப்படி ஒரே கேசட்டால் முப்பதுக்கும் மேல் போயின. அதன் பிறகுதான் ஈரம் அண்டாமலிருக்க அலமாரிக்குள் பதினைந்து வாட் பல்ப் ஒன்றை ராப்பகலாக எரியவிட்டேன். மலையில் பாட்டிமார் பட்டுச் சேலைக்குச் செய்யும் அதே வேலைதான், எனக்குத்தான் தோன்றக் கொஞ்சம் நாளானது. பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்து, நாடாவைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். நல்லதாகத் தெரியும் கேசட்டையும் குளிர்ந்த பரணிலிருந்து எடுத்த கையோடு போடக்கூடாது. சூடான அறைக்குள் வந்ததும் அதன் மேல் ஈரம் படியும், டெக்குக்குள் சுழலும் டிரம்மில் நாடா ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்து டெக்குகளில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை விளக்கு இருந்தது. அறையில் இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கட்டும்.

விசிடிகளை வெறும் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுக் கழுவலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. பளபளக்கும் பக்கம் கீறாமல் எல்லோரும் பார்த்துக்கொள்வோம், படம் அச்சடித்த பக்கத்தைத் தரையில் தேய்ப்போம். விசிடியில் தகவல் இருப்பது அந்த அச்சு மைக்கு நேர் கீழே, முடி கனத்தில். அங்கே கீறினால் போனது போனதுதான். டிவிடியில் அது இரண்டு தகட்டுக்கு நடுவே இருப்பதால் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் திரும்பச் சொல்கிறேன் தம்பி. மாற்றித் தருபவரிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒருமுறை நான் வேறு வீட்டுக் கல்யாணத்தை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை மீசை மட்டும் ஒன்றுபோல இருந்ததால் அவர்கள் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது.